நீல வால், ஆரஞ்சு வால்: ஒரே பாறையில் இரண்டு அரணை இனங்களா?

கருங்கல் | செப்டம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் எம்புமலங்கா மாகாணத்தில், எம்பொம்பேலா நகரில் வேலை பார்க்கிறேன். நெல்ஸ்ப்ரைட் என்ற பழைய பெயர் சிலருக்குத் தெரிந்திருக்கும். சுற்றிலும் பெரிய பெரிய கருங்கல் பாறைகள் உள்ள ஊர். என் வாடகை வீட்டுக்குப் பின்னாலும் ஒன்று இருக்கிறது. யானை படுத்திருப்பது போல, நடுவில் நீளமாக ஒரு வெடிப்போடு.

காலை எட்டு மணிக்கு அதன் மேல் வெயில் விழுந்ததும் அரணைகள் வெளியே வந்துவிடும். ஒரு மாதமாகத் தேநீர்க் கோப்பையோடு அங்கேயே உட்கார்ந்து பார்க்கிறேன். இரண்டு வகை தெரிகிறது.

முதல் வகை: உடம்பு கிட்டத்தட்டக் கறுப்பு. தலையிலிருந்து முதுகு நெடுக மூன்று வெளிர்மஞ்சள் கோடுகள். வால் மயில்கழுத்து நீலம். பட்டுப்புடவையில்தான் அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன், ஓர் உயிரின் மேல் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஏழெட்டு இருக்கின்றன, பெரிதும் சிறிதுமாக.

இரண்டாம் வகை: பச்சை கலந்த பழுப்பு. கோடே இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் செதிலுக்குச் செதில் சின்ன வெளிர்ப் புள்ளி. வால் ஆரஞ்சு. இது ஒன்றுதான் பாறையில் நிலையாக இருக்கிறது, எல்லாவற்றையும்விடப் பெரியது. பேனாவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், மூக்கிலிருந்து வாலின் அடி வரை ஏறத்தாழ 10 செ.மீ. இதே மாதிரி இன்னொன்று பக்கத்துப் பாறையிலிருந்து வந்தால் உடனே துரத்துகிறது. நீல வால்காரர்களைக் கண்டுகொள்வதில்லை.

படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும் ஒரு செயலியில் போட்டுப் பார்த்தேன். முதல் வகைக்கு ‘ஐந்து கோட்டு அரணை’ என்றும் இரண்டாவதற்கு வேறு ஏதோ பெயரும் வந்தது. கோடு மூன்றுதானே இருக்கிறது? இவை இரண்டும் வெவ்வேறு இனங்களா? படங்கள் ஆறு இணைத்திருக்கிறேன்.

காட்டுவழி | செப்டம்பர் 9

படங்கள் கொஞ்சம் தூரத்திலிருந்து எடுத்தவை போலிருக்கின்றன. அதனால் ஒரு சந்தேகம்: இவை அரணைகள்தானா? அந்தப் பகுதிப் பாறைகளில் தட்டைப் பல்லி என்று ஒரு கூட்டம் உண்டு, பேரினம் பிளாட்டிசாரஸ். அதிலும் பெண்ணுக்குக் கறுப்பு உடம்பில் மூன்று வெளிர்க் கோடுகள் இருக்கும். ஆணுக்கு வால் ஆரஞ்சு. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வந்தது.

குறிஞ்சிநிலம் | செப்டம்பர் 10

காட்டுவழி கேட்டது சரியான கேள்வி. அதை முடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நிறத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தப் பாறைகளில் யாரும் ஏமாறுவார்கள்.

கருங்கல், மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். முதலாவது உடம்பின் வடிவம். தட்டைப் பல்லியை ரொட்டிக்கட்டையால் தேய்த்தது போலிருக்கும். பாறை இடுக்கில் நுழைந்து ஒட்டிக்கொள்வதற்கான உடல் அது. அரணையின் உடம்பு உருளை. இரண்டாவது முதுகுத் தோல். தட்டைப் பல்லிக்கு முதுகில் மணல் தூவியது போல நுண்மணிச் செதில்கள், பளபளப்பு இராது. அரணைக்கு ஓடு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிய செதில்கள். ஒவ்வொரு செதிலுக்கு அடியிலும் மெல்லிய எலும்புத் தகடு உண்டு. உடம்பு முழுக்க எண்ணெய் பூசியது போல மின்னும். மூன்றாவது தொடையின் அடிப்பக்கம். தட்டைப் பல்லிக்கு அங்கே வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும், அரணைக்கு இராது. ஆனால் அதைப் பார்க்கக் கையில் பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டாம். வாலை விட்டுவிட்டு ஓடிவிடும். திரும்ப முளைக்கும் என்றாலும், வாலில்தான் அது கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறது. நம் ஆசைக்காக அதன் சேமிப்பைப் பறிக்கக் கூடாது.

கருங்கல் | செப்டம்பர் 10

அலுவலக நண்பரிடம் பெரிய லென்ஸ் வாங்கி இன்று காலை எடுத்த படங்கள். உடம்பு உருண்டைதான். செதில்கள் ஓடு மாதிரியேதான் இருக்கின்றன, வெயில் பட்டால் கண் கூசுகிறது. இரண்டு வகையிலும் அப்படியே.

ஆனால் காட்டுவழி சொன்ன தட்டைப் பல்லியும் இருக்கிறது! பாறையின் மேற்குப் பக்க இடுக்கில் ஒன்றைப் பார்த்தேன், ஐந்தாவது படம். இத்தனை நாள் அதையும் அரணைக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

குறிஞ்சிநிலம் | செப்டம்பர் 11

அருமையான படங்கள். ஐந்தாவது படத்தில் இருப்பது பெண் தட்டைப் பல்லியேதான், முதுகைப் பாருங்கள், துளி மினுமினுப்பும் இல்லை. அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம்.

இப்போது அரணைகளுக்கு வருகிறேன். உங்கள் இரண்டு வகையும் ஒரே இனம். ஆரஞ்சு வால்காரர் முதிர்ந்த ஆண். நீல வால்காரர்கள் பெண்களும் குட்டிகளும். டிராக்கிலெபிஸ் மார்கரிட்டிஃபெரா என்பது அறிவியல் பெயர். அங்கே வானவில் அரணை என்பார்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்கிவிடுகிறேன். இல்லையென்றால் செயலி சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடும்.

உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்குங்கள். முதுகுச் செதில் ஒவ்வொன்றின் மேலும் முன்னிருந்து பின்னாக மெல்லிய முகடுகள் ஓடுகின்றன. விரல் நகத்தில் சில பேருக்கு வரி விழுமே, அது போல. டிராக்கிலெபிஸ் பேரினத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்: கிரேக்கத்தில் டிராக்கிஸ் என்றால் சொரசொரப்பு, லெபிஸ் என்றால் செதில். இந்தப் பேரினத்தில் இனங்களைப் பிரிக்கும்போது இந்த முகடுகளை எண்ணுவார்கள். நடு உடம்பைச் சுற்றி எத்தனை செதில் வரிசை, காதுத் துளையின் முன்விளிம்பில் சின்ன மடல்கள் உண்டா, கண்ணுக்குக் கீழே உள்ள செதில் உதட்டைத் தொடுகிறதா, பாதத்தின் அடியில் செதில்கள் வழவழப்பா முள்ளா, கீழிமையில் கண்ணாடிச் சன்னல் போன்ற ஒளிபுகும் பகுதி எப்படி இருக்கிறது, இப்படிப் பட்டியல் நீளும். நிறம் கடைசியில்தான் வரும்.

ஆனால் உங்கள் இடத்தில் நிறமும் உதவுகிறது. அந்தத் தாழ்நிலப் பகுதியில் வீட்டுச் சுவர்களிலும் மரங்களிலும் சாதாரணமாகத் தெரியும் அரணை இதே பேரினத்தின் ஸ்ட்ரியாட்டா. அதற்கு முதுகின் இரு பக்கமும் இரண்டு வெளிர்க் கோடுகள், நடுவில் கோடு கிடையாது, வாலும் நீலம் இல்லை. மேலே, குளிர்ந்த உயர்நிலத்துக்குப் போனால் அதன் உறவினரான புங்க்டாட்டிசிமா. உடம்பு முழுக்கப் புள்ளி தெளித்திருக்கும். முதுகில் மூன்று கோடு, நீல வால், கருங்கல் பாறை, அதே பாறையில் புள்ளிச் செதிலோடு ஆரஞ்சு வால் ஆண், இந்த நான்கும் சேர்ந்து வந்தால் உங்கள் பகுதியில் வேறு இனத்துக்கு இடமில்லை.

மார்கரிட்டிஃபெரா என்றால் லத்தீனில் முத்துகளைச் சுமப்பது. ஆணின் செதில்களில் நீங்கள் பார்த்த அந்த வெளிர்ப் புள்ளிகள்தான் முத்துகள். பெயர் வைத்தவர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர். 1840களில் மொசாம்பிக்கில் பல ஆண்டுகள் சுற்றி உயிரினங்களைச் சேகரித்து பெர்லினுக்குக் கொண்டுபோனவர். 1854இல் இதை விவரித்தார். உலகமே நீல வாலைப் பார்க்கும்போது அவர் பெயருக்கு ஆணின் முத்தை எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

புதுமழை | செப்டம்பர் 11

அக்கா, நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், மதுரை. ஒரே இனத்தில் ஆணும் பெண்ணும் இவ்வளவு வேறாக இருந்தால் பழைய காலத்தில் இரண்டு இனமாக எழுதியிருப்பார்களே? அப்புறம், செயலி ஏன் ஐந்து கோட்டு அரணை என்றது?

நைல்கரை | செப்டம்பர் 12

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கென்யாவில் பதினோரு ஆண்டுகள் இருந்தவன். ஐந்து கோட்டு அரணை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, டிராக்கிலெபிஸ் குவின்குவெட்டீனியாட்டா. ஐந்து நாடா என்றே பெயருக்குப் பொருள். லிக்டென்ஸ்டைன் 1823இல் எகிப்திலிருந்து விவரித்தார். நைல் நெடுக, மேற்கு ஆப்பிரிக்கா வரை பரவியிருப்பது. அதன் குட்டிக்கும் நீல வால்தான், கறுப்பு உடம்புதான், கோடுகள்தான்.

வெகுகாலம் உங்கள் தெற்கத்திய அரணையை இதன் துணையினமாகத்தான் வைத்திருந்தார்கள். குவின்குவெட்டீனியாட்டா மார்கரிட்டிஃபெரா என்று மூன்று சொல் பெயர். 1998இல் டொனால்ட் பிராட்லி, ஏரன் பாவர் இருவரும்தான் மார்கரிட்டிஃபெராவைத் தனி இனம் என்று பிரித்தார்கள். பிராட்லி ஜிம்பாப்வேயில் வாழ்நாள் முழுக்க ஊர்வனவற்றோடே கிடந்தவர், அந்தப் பகுதிப் பாறைகளை அவரளவு பார்த்தவர்கள் குறைவு. ஆகவே 1998க்கு முந்தைய கையேடுகளில் தென்னாப்பிரிக்க நீல வால் பெரும்பாலும் ஐந்து கோட்டு அரணையின் அறிவியல் பெயரில்தான் இருக்கும். அந்தப் பழைய பெயரோடு இன்னும் எத்தனையோ படங்கள் இணையத்தில் கிடக்கின்றன. செயலி அவற்றிலிருந்துதான் கற்றிருக்கும் என்பது என் ஊகம்.

கென்யாவில் இரண்டுமே உண்டு. ஆகவே அங்கே குழப்பம் நிஜமான குழப்பம். ஆணைப் பார்த்தால் தெளியும். ஐந்து கோட்டின் முதிர்ந்த ஆணுக்குக் கழுத்தின் பக்கவாட்டில் கறுப்பு ஏறியிருக்கும், முதுகில் முத்துப் புள்ளி வரிசை இராது. பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அங்கே பெயர் சொல்ல நான் தயங்குவேன். முதலில் எந்த ஊர் என்று கேட்பேன்.

ஊரும் எப்போதும் கைகொடுக்காது. வளர்ப்புப் பிராணி வணிகத்தில் போன ஐந்து கோட்டு அரணைகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தப்பித்து அங்கேயே பெருகிவிட்டன.

புதுமழை | செப்டம்பர் 12

நன்றி அண்ணா. எங்கள் துறை நூலகத்தில் ஒரு பழைய ஊர்வன நூல் இருக்கிறது. அதில் டிராக்கிலெபிஸ் என்ற சொல்லே இல்லை. எல்லாம் மபூயா. ஆப்பிரிக்காவில் மபூயா ஸ்ட்ரியாட்டா, நம் ஊரில் மபூயா கரினாட்டா, தென்னமெரிக்காவிலும் மபூயா. எங்கள் ஆய்வகத்தில் பாட்டிலில் இருக்கும் நம்மூர் அரணைக்கும் அதே சீட்டுதான் ஒட்டியிருக்கிறது. எது சரி? தேர்வில் எதை எழுதுவது?

குறிஞ்சிநிலம் | செப்டம்பர் 13

தேர்வில் நம்மூர் அரணைக்கு யூட்ரோபிஸ் கரினாட்டா என்று எழுதுங்கள். பாட்டிலின் சீட்டை மட்டும் கிழித்துவிடாதீர்கள், பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். பழைய சீட்டும் ஒரு ஆவணம்.

இதற்குப் பின்னால் உள்ள கதையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. கொஞ்சம் நீளும்.

ஃபிட்ஸிங்கர் 1826இல் மபூயா என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். கரீபியத் தீவு அரணைகளுக்கான பெயர் அது. பிறகு வந்தவர்கள் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆசியா, தென்னமெரிக்கா என்று எங்கெல்லாம் இதே சாயலில் பழுப்பு அரணை கிடைத்ததோ எல்லாவற்றையும் இந்தப் பெட்டிக்குள் போட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் சேர்ந்துவிட்டன. வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை, ஆகவே யாருக்கும் பிரிக்கத் தைரியம் வரவில்லை.

அந்தப் பெட்டியை உடைத்தது ஒரு தீவு அரணை. பிரேசில் கரையிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் ஃபெர்னாண்டோ டி நொரோன்யா என்று ஒரு தீவுக்கூட்டம். அங்கே மட்டும் வாழும் ஓர் அரணை. பாறைகளில் ஓடும், முலுங்கு மரம் பூத்தால் மரமேறித் தேன் குடிக்கும், மகரந்தத்தையும் கொண்டுசேர்க்கும். பக்கத்தில் இருப்பது தென்னமெரிக்கா என்பதால் அது அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. 2002இல் மவுஸ்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். அதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். கடல் நீரோட்டத்தில் ஏதோ ஒரு மரத்துண்டையோ செடித்தொகுதியையோ பற்றிக்கொண்டு அட்லாண்டிக்கையே கடந்து வந்திருக்கிறது அதன் மூதாதை.

அடுத்த ஆண்டு கர்ரான்ஸாவும் ஆர்னால்டும் இன்னொன்றைக் காட்டினார்கள். அமெரிக்கக் கண்டத்து மபூயாக்களின் மூதாதையும் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டியே வந்தது, ஆனால் அது வேறொரு பயணம். ஆக, அட்லாண்டிக்கை இரண்டு தடவை கடந்திருக்கிறார்கள். ஒரு சாண் பிராணி.

சரி, அப்படியானால் மபூயா என்ற ஒரே பெட்டி நிற்காது. 2002 ஆய்வு அதை நான்காகப் பிரித்தது. அமெரிக்கக் கூட்டத்துக்கு மபூயா என்ற பெயர் நின்றது. ஆசியாவுக்கு யூட்ரோபிஸ், கேப் வெர்டே தீவுகளுக்குக் கியோனினியா, ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் யூப்ரெபிஸ்.

கவனியுங்கள், யூப்ரெபிஸ். டிராக்கிலெபிஸ் இல்லை. 2002, 2003 வாக்கில் வந்த கட்டுரைகளில் யூப்ரெபிஸ் ஸ்ட்ரியாட்டா என்று பார்த்தால் திகைக்க வேண்டாம். அந்தப் பெயர் ஓராண்டுதான் தாங்கியது. அதை வீழ்த்தியது யார் தெரியுமா? நம் ஊர் அரணை.

புதுமழை | செப்டம்பர் 13

அக்கா, பாதியில் நிறுத்திவிட்டீர்களே! நம் ஊர் அரணையா?

குறிஞ்சிநிலம் | செப்டம்பர் 13

சமையல் வேலை குறுக்கிட்டது, மன்னிக்கவும். தொடர்கிறேன்.

விலங்குப் பெயரிடலில் ஒரு விதி. ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு மாதிரி இனத்தோடு கட்டப்பட்டிருக்கும். அந்த மாதிரி இனம் எந்த வீட்டுக்குப் போகிறதோ பேரினப் பெயரும் அதே வீட்டுக்குப் போய்விடும். வாக்லர் 1830இல் வைத்த யூப்ரெபிஸ் என்ற பெயருக்கு மாதிரி இனம், லின்னேயஸ் 1758இல் லாசெர்ட்டா புங்க்டாட்டா என்று பெயரிட்ட அரணை. இது எந்த அரணை? ஏரன் பாவர் 2003இல் இதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். பழைய விவரிப்புகளையும் மாதிரிகளையும் தோண்டிப் பார்த்து, அது ஆப்பிரிக்க அரணையே இல்லை, இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் புள்ளி அரணை என்று நிறுவினார். இன்றைய பெயர் ரியோபா புங்க்டாட்டா. குட்டைக் கால், மெலிந்த உடம்பு, குட்டியாக இருக்கும்போது வால் சிவப்பு. தோட்டத்தில் சருகு அள்ளும்போது சிவப்பு வாலோடு ஒன்று நெளிந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான்.

மாதிரி இனம் ஆசியாவில் இருப்பதால் யூப்ரெபிஸ் என்ற பெயரை ஆப்பிரிக்கர்களுக்குக் கொடுக்க முடியாது. அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய பெயர் ஃபிட்ஸிங்கர் 1843இல் வைத்திருந்த டிராக்கிலெபிஸ். அன்றிலிருந்து அதுதான்.

இப்போது பெயரை முழுதாக எழுதிக் காட்டுகிறேன்: டிராக்கிலெபிஸ் மார்கரிட்டிஃபெரா (பீட்டர்ஸ், 1854). அந்த அடைப்புக்குறிக்கும் பொருள் இருக்கிறது. பீட்டர்ஸ் வைத்தபோது பேரினம் வேறு, பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. அவர் மார்கரிட்டிஃபெர் என்றுதான் எழுதினார். டிராக்கிலெபிஸ் பெண்பால் சொல் என்பதால் இலக்கணப்படி மார்கரிட்டிஃபெரா ஆயிற்று.

காட்டுவழி | செப்டம்பர் 14

கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு நெடுநாள் வருத்தம் உண்டு, அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

இருபது ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப் போகிறேன். ஒரு பெயரைக் கற்றுக்கொடுத்து, அது அவர்கள் வாயில் பழகி வரும்போது மாற்றிவிடுகிறார்கள். ஒரே விலங்குக்கு மபூயா, யூப்ரெபிஸ், டிராக்கிலெபிஸ். ஒரே ஆளின் ஆயுளில் மூன்று பெயர். பாறையில் இருக்கிற பிராணி மாறவே இல்லை. களத்தில் வேலை செய்யும் வனக்காவலருக்கு, குறிப்பேட்டில் எழுதி வைக்கிற தன்னார்வலருக்கு, இதனால் என்ன பயன்? பழைய பதிவையும் புதிய பதிவையும் சேர்த்துப் பார்ப்பதே பெரும்பாடாகிறது. ஆப்பிரிக்காவில் அருங்காட்சியகங்களிலும் இதே சிரமம் இருக்கும். ஒரு பெட்டியாகவே விட்டிருந்தால் என்ன நஷ்டம்?

நைல்கரை | செப்டம்பர் 14

காட்டுவழி சொல்வதில் பாதி எனக்கும் உண்டு. என் 1990களின் குறிப்பேடுகள் முழுக்க ‘ம. குவின்கு.’ என்று சுருக்கி எழுதி வைத்திருக்கிறேன். இன்று திறந்தால் எந்த வரி எந்த இனம் என்று இடத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. சில வரிகளுக்கு விடையே இல்லை. ஆனால் அதற்குப் பெயர் மாறியது காரணம் இல்லை. நான் கழுத்து நிறத்தையும் புள்ளியையும் எழுதி வைக்காததுதான் காரணம். பெயரை மட்டும் எழுதினால் பெயர் மாறும்போது பதிவும் கூடவே போய்விடுகிறது.

குறிஞ்சிநிலம் | செப்டம்பர் 15

காட்டுவழி ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ‘என்ன நஷ்டம்’ என்ற கேள்விக்கு ஓர் உதாரணம் சொல்லலாமா?

அங்கோலா, ஜாம்பியா பக்கத்துச் சதுப்பு நிலங்களில் ஐவென்ஸ் அரணை என்று ஒன்று. 1879இல் போக்காஜ் விவரித்தது. பார்த்தால் நீளமான, கோடு போட்ட, சாதாரண அரணை. பழைய பெட்டியில் மபூயா, பிறகு டிராக்கிலெபிஸ். 2012இல் பிளாக்பர்னும் ஃபிளெமிங்கும் அதன் கருவை நுண்ணோக்கியில் படித்தார்கள். முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான், மஞ்சள் கரு கிட்டத்தட்ட இல்லை. கருவின் திசு தாயின் கருப்பைச் சுவருக்குள்ளேயே ஊடுருவி, தாயின் இரத்த நாளங்களை ஒட்டி நின்று உணவை வாங்கிக்கொள்கிறது. பாலூட்டிகளின் நஞ்சுக்கொடி போலவே. ஊர்வனவற்றில் அப்படி ஒன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை.

இது எப்படித் தோன்றியது, ஒரு தடவையா பல தடவையா? அதைக் கேட்க வேண்டுமானால் இதன் சொந்தக்காரர் யார் என்று தெரிய வேண்டும். 2016இல் மெட்டாலினோவும் குழுவினரும் மரபணு மரத்தைப் பார்த்தபோது, இது மற்ற டிராக்கிலெபிஸ்களோடு சேரவில்லை. யுமேசியா என்ற பாம்பு போல நீண்ட ஆப்பிரிக்க அரணையின் பக்கத்தில் போய் நின்றது. அதுவும் தாயிடமிருந்தே உணவு பெற்று வளரும் வகை. ஆகவே ஆப்பிரிக்க அரணைகளில் இது ஒரே ஒரு தடவைதான் தோன்றியிருக்கிறது. 2019இல் இதற்கு லுபூயா என்ற பேரினப் பெயரைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பிள்ளைகளுக்கு வானவில் அரணை என்றே சொல்லிக்கொடுங்கள். அது மாறாது. அறிவியல் பெயர் யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்வதற்கான கருவி. சொந்தத்தைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிந்தால் அது மாறத்தான் செய்யும்.

காட்டுவழி | செப்டம்பர் 15

ஐவென்ஸ் அரணை எனக்குப் புதிது. யோசிக்கிறேன். இருந்தாலும் இனங்களைப் பிரிப்பதையும் பேரினத்தைப் பிரிப்பதையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்பேன். மார்கரிட்டிஃபெராவைத் தனி இனமாக்கியது களத்தில் கண்ணுக்குத் தெரியும் உண்மை, அதை முழுமனதாக ஏற்கிறேன். பேரினப் பெயர்கள் விஷயத்தில் கொஞ்சம் பொறுத்து, மரபணு மரம் உறுதியான பிறகு ஒரே தடவையாக மாற்றலாம். 2002இல் ஒரு பெயர், 2003இல் இன்னொன்று என்பது அவசரம்.

குறிஞ்சிநிலம் | செப்டம்பர் 15

அந்த ஓராண்டு விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். மாதிரி இனம் எது என்று முதலில் பார்த்திருந்தால் யூப்ரெபிஸ் குழப்பம் வந்திருக்காது.

கருங்கல் | செப்டம்பர் 28

இரண்டு வாரம் மழை, பாறைப் பக்கம் போக முடியவில்லை. இன்று மூன்றாவதாக ஒன்று. பாறையில் இல்லை, அடிவாரப் புல்லில். சின்னது. பழுப்பு முதுகில் கறுப்புப் புள்ளிகள், கண்ணுக்குக் கீழிருந்து பக்கவாட்டில் தொடைவரை பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. இந்தத் தடவை செயலியிடம் போகவில்லை. செதிலைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று முகடு, மிகத் தெளிவாக. பாதம் ஒரு படத்தில் கொஞ்சம் தெரிகிறது, அடிப்பக்கம் முள் முள்ளாக இருக்கிறது. டிராக்கிலெபிஸ் வேரியா என்ற இனம் என்று நினைக்கிறேன். சரியா?

குறிஞ்சிநிலம் | செப்டம்பர் 29

சரி. படத்தைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் எழுதியதிலிருந்து வேரியா என்று தோன்றிவிட்டது. இப்படித்தான் எழுத வேண்டும்.

ஒரு சிறு எச்சரிக்கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வேரியா என்ற பெயரே ‘பலவிதம்’ என்று பொருள்படும். பீட்டர்ஸ் வைத்ததுதான், 1867. ஆப்பிரிக்காவின் தெற்கிலும் கிழக்கிலும் பரந்து கிடக்கும் இதில் சில இடங்களில் முட்டையிடுவதாகவும் சில இடங்களில் குட்டி போடுவதாகவும் பதிவாகியிருந்தது. ஒரே இனம் எப்படி இரண்டும் செய்யும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2018இல் வைனெலும் பாவரும் மரபணுவைப் பார்த்து, ஒரு பெயருக்குள் பல தனி மரபுக் கிளைகள் இருப்பதைக் காட்டினார்கள். டமரானா, லேவிகாட்டா என்ற இரண்டு பழைய பெயர்களுக்கு மறுபடியும் இனத் தகுதி கொடுத்தார்கள். ஆகவே உங்கள் பதிவில் ‘வேரியா கூட்டம்’ என்று எழுதி, இடத்தைத் துல்லியமாகக் குறித்துவிடுங்கள். நைல்கரை அண்ணாவின் குறிப்பேட்டுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.

புதுமழை | அக்டோபர் 2

இந்த இழையைப் படித்த பிறகு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். கொல்லையில் ஓர் அரணை. அம்மா வழக்கம் போல விளக்குமாற்றை எடுத்துவிட்டார். அரணை கடித்தால் மரணம் என்று எங்கள் பாட்டி காலத்திலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதற்கு விஷமே இல்லை அம்மா, எந்த அரணைக்கும் இல்லை என்று சொல்லி, கைபேசியில் கருங்கல் அண்ணாவின் நீல வால் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். ‘இது நம்ம ஊர்ல இல்லியா?’ என்று கேட்டார். அடுத்த நாள் சருகுக் குவியலில் சிவப்பு வால் ஒன்று ஓடியது. அம்மாதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நைல்கரை | அக்டோபர் 2

தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒரு பேரினத்தின் பெயரையே மாற்றவைத்த அரணையைக் கொல்லையில் பார்த்திருக்கிறார்.

கருங்கல் | பிப்ரவரி 17

மறுபடியும் நான். கோடை முடியப் போகிறது. டிசம்பர் கடைசியில் வெடிப்புக்குள்ளிருந்து குட்டிகள் வந்தன, தீக்குச்சி மாதிரி, எல்லாவற்றுக்கும் நீல வால். ஒரே சமயத்தில் ஆறு வரை எண்ணினேன்.

எழுத வந்தது வேறொன்று. நீல வால்காரர்களில் இடது முன்காலில் ஒரு விரல் இல்லாத ஒன்று இருக்கிறது. விரலை வைத்து அடையாளம் கண்டு ஆகஸ்டிலிருந்து பார்த்து வருகிறேன். அதைப் பெண் என்றே குறித்து வைத்திருந்தேன், கோடும் நீலமும் அப்படியே இருந்ததால். ஜனவரி நடுவில் கோடுகள் மங்க ஆரம்பித்தன. நடுக்கோடு முதலில் போயிற்று. இப்போது விலாப் பக்கத்துச் செதில்களில் வெளிர்ப் புள்ளிகள் தெரிகின்றன. வாலின் அடிப்பாதி பழுப்பாகிவிட்டது, நுனியில் மட்டும் இன்னும் நீலம். அதாவது இளம் ஆண். படம் வாரத்துக்கு ஒன்றாக, மொத்தம் ஒன்பது இணைத்திருக்கிறேன்.

போன வாரம் வரை பெரிய ஆண் அதன்மேல் ஏறிப் படுத்துக்கூட வெயில் காய்ந்தது. இன்று காலை அதைப் பாறையின் விளிம்புவரை துரத்தியது. நீல நுனி வெடிப்புக்குள் மறைந்த பிறகும் பத்து நிமிடம் அங்கேயே காவல் நின்றது.

குறிஞ்சிநிலம் | பிப்ரவரி 17

ஒன்பது படத்தையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். அந்த விரலில்லாத ஆள் அடுத்து எந்தப் பாறைக்குப் போகிறான் என்று பார்க்க முடிந்தால் எழுதுங்கள்.

கருங்கல் | பிப்ரவரி 21

பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பாறை இருக்கிறது, அங்கே இருக்கிறான். சுவரோரம் நாற்காலி போட்டுக்கொள்ள வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்று சொல்லிவிட்டார்.